மூன்று பலகை மரியாதை

1

நீங்கள் தினமும் போகிற கடைக்கு எத்தனை பலகை? எழுந்து போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள்.

சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். கோட்டாற்றில் இருந்த வரைக்கும் நானும் உங்கள் ஜாதிதான். இண்டர்மீடியட்டை நாகர்கோவிலிலும் பி.ஏ.யைத் திருவனந்தபுரத்திலும் முடித்தவன். ரோமாபுரிச் சக்கரவர்த்திகளை வரிசை தப்பாமல் ஒப்பிப்பேன். வாப்பாவின் கயிற்றுக்கடையைக் காலையில் திறக்க எத்தனை பலகையைக் கழற்ற வேண்டும் என்று கேட்டிருந்தால், "என்ன, ஒரு பத்து இருக்கும்" என்றிருப்பேன். பதினொன்று. கொழும்புக்கு வந்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து விரல் மடக்கி எண்ணித்தான் கண்டுபிடித்தேன்.

போலீஸ் ஸ்டேஷனில் எனக்கென்ன வேலை என்பதைச் சொல்லத்தான் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். மெஷின், ஹமீது மாமா பழைய சாமான் ஏலத்தில் எடுத்த தமிழ் டைப்ரைட்டர். 'ழ' விசை சிக்குகிறது. நம் ஊர்க்காரன் ழவை விட்டுக்கொடுப்பானா? இரண்டு தரம் குத்துகிறேன்.

ஹமீது மாமா என் உம்மாவின் தம்பி. புறக்கோட்டையில் ஒரு குறுக்குத் தெருவில் துணிக்கடை. நான் அதில் இங்கிலீஷ் கடிதம் அடிக்கிறவன், நாள் முழுக்கக் கல்லாப் பட்டறையில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கிறவன். கடையின் முகப்பில் எட்டடி உயர இரும்புக் கேட். குறுக்கும் நெடுக்குமாகக் கோத்த பட்டைக் கம்பிகள். தரையில் ஒரு தண்டவாளம், தலைக்கு மேலே இன்னொன்று. இழுத்தால் ஹார்மோனியத் துருத்தி மாதிரி விரியும், தள்ளினால் சுருங்கி மூலையில் ஒடுங்கும். ராத்திரிக்கு மூன்று பூட்டு. பின்பக்க ஜன்னலில் கட்டைவிரல் மொத்தத்தில் கம்பி. வந்த புதிதில் இதையெல்லாம் பார்த்து வாயைப் பிளந்து வாப்பாவுக்கு ஒரு கார்டு எழுதினேன்: "நம்மூர்ப் பலகையெல்லாம் ஒரு காவலா? இடுக்கு வழியாகப் பூனை நுழைகிறது. கேட் போடுங்கள்."

வாப்பாவின் பதில் ஒரே வரி: "பூனை வரட்டும், எலி போகும்."

2

எங்கள் தெருவில் கேட் என்றால் பியதாச. நாற்பது கடை இருக்கும். நாற்பது கேட்டுக்கும் வைத்தியர் அவர் ஒருவர்தான். எதிர்ச்சாரியில் மாடிப்படிக்குக் கீழே, ஆள் குனிந்து நுழைகிற ஒரு பொந்து. அதில் பூட்டும் கீலும் கிரீஸ் டப்பாவுமாக உட்கார்ந்திருப்பார். சிங்களவர், ஐம்பது வயசு. முப்பது வருஷம் தமிழ் முதலாளிகளின் கதவுகளோடு புழங்கி, மூன்று நான்கு ஊர்த் தமிழும் கலந்த ஒரு தமிழ் வைத்திருந்தார். எங்கள் மாமாவிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது 'கேட்டியா'. எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'கேட்டியா' வைத்து ஆணி அடிப்பார்.

"தம்பி, பூட்டு நல்ல பூட்டு. சாவி கள்ளச் சாவி, கேட்டியா."

"தாக்கோல்னு சொல்லணும் பியதாச" என்பார் மாமா. நம்மூரில் சாவிக்கு அதுதானே பெயர்.

"தாக்கோல் கள்ளத் தாக்கோல், கேட்டியா."

மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுவருவது அவர் மனைவி சோமாவதி. பின் சந்தில், இங்கே 'தோட்டம்' என்கிற நெருக்கமான வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். எனாமல் தூக்குச்சட்டியோடு தெருவின் முழு நீளமும் நடந்து வருவார். பியதாச சாப்பிட்டு முடிக்கும் வரை எங்கள் கேட்டில் சாய்ந்துகொண்டு என் சிங்களத்தைச் சோதிப்பது அந்த அம்மாவின் பொழுதுபோக்கு. நான் வினைச்சொல்லை எங்கேயாவது கொண்டுபோய் வைப்பேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். "மல்லி, மல்லி" என்பார்; தம்பி என்று அர்த்தம். என் பி.ஏ.யை அவ்வளவு சந்தோஷமாக அவமானப்படுத்தியவர் உலகத்தில் வேறு யாருமில்லை.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தின நாள் மத்தியானம் கேட்டை இழுத்து விட்டுவிட்டு நாங்கள் உள்ளே கணக்குத் தீராத ஒரு தூக்கத்தில் இருந்தோம். தட்டு நிறையப் பலகாரத்தோடு வந்த சோமாவதி, எழுப்ப மனமில்லாமல் கம்பி இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவைத்திருக்கிறார். கண் விழித்தபோது தரையில் விரித்த வாழை இலையில் பலகாரம் மாத்திரம் இருந்தது.

வைகாசி கடைசியில் அந்த அம்மாவுக்கு வயிற்றில் ஏதோ. ஆஸ்பத்திரியில் படுக்கச் சொன்னார்கள். பியதாச கூடவே போய் இருக்க முடிவு பண்ணினார். அதற்கு முன் இரண்டே நாளில் நாற்பது கேட்டையும் துடைத்து எண்ணெய் விட்டார்.

"ரெண்டு கிழமை நான் இல்லை. சத்தம் போட்டு என்னைத் தேட வேணாம், கேட்டியா" என்று (கிழமை என்றால் இங்கே வாரம்) எங்கள் கேட்டை ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினார். அது மிதந்தது. அப்புறம் தரையோடு குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்தின் நெடுக்கில் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். எப்போது எங்கள் கேட்டைத் தொட்டாலும் இப்படி ஒரு தலையாட்டல் உண்டு. எதற்கென்று நான் கேட்டதில்லை.

3

இப்போது கோட்டாறு.

வாப்பா கடையின் பதினோரு பலகையும் அயனி மரம். ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம். மேலும் கீழும் சட்டத்தில் பள்ளம். ஓரத்து வாயில் நுழைத்து வரிசையாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். வரிசை மாறினால் கடைசிப் பலகை உட்காராது. அதனால் ஆசாரி எண் வெட்டியிருந்தார்: முதல் எட்டில் தமிழ் எண், கரையான் அரித்து மாற்றிய மூன்றில் மலையாள எண். பதினொன்றாவதில்தான் இரும்புப் பட்டையும் பூட்டும். ஒரு தடவை கள்ளன் வந்து இரண்டு கிணற்றுக் கயிற்றைக் கொண்டுபோனான். வாப்பா போலீசுக்குப் போகவில்லை. "கெணறு அவன்கிட்ட இருக்கணுமே. இருக்கவன் எடுத்திருக்கான், போட்டும்" என்றார்.

தெருவில் சவம் போனால் மூன்று பலகை வைப்பார்கள். யார் சவம், எந்த ஜாதி, எந்த மதம் என்பது கிடையாது. சங்குச் சத்தமோ கலிமா சொல்கிற சத்தமோ தெருமுனையில் கேட்டதும், ஒன்று இரண்டு மூன்று என்று பலகையைத் தள்ளிவிட்டு, கடைக்காரர் கீழே இறங்கித் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். கடந்து போனதும் மூன்றையும் கழற்றிவிட்டு வியாபாரத்தைத் தொடர்வார். ஏன் மூன்று? பத்து வயசில் கேட்டேன். "ஒண்ணு வச்சா தூசி தட்டுதான்னு நெனப்பாவ. பத்து வச்சா கட தீந்துபோச்சுன்னு நெனப்பாவ. மூணு வச்சாத்தான் மரியாதன்னு தெரியும்" என்றார் வாப்பா. எழுதின சட்டம் எதுவுமில்லை.

அடுத்த கடை ஆறுமுகம் பிள்ளை, பருப்பு வியாபாரம். வாப்பாவுக்கும் அவருக்கும் இரண்டு வருஷம் பேச்சு இல்லை. கூரைத் தண்ணீர் யார் வாசலில் விழுவது என்ற தகராறு. இராஜாக்கமங்கலத்திலிருந்து வலைக்கயிறு வாங்க வருகிறவர்கள் பிள்ளை கடைப் பக்கமாக நின்றால்கூட வாப்பாவுக்குப் பிடிக்காது. அந்தச் சமயத்தில் பிள்ளையின் தாயார் இறந்தார். சவம் கடைத்தெரு வழியாக வந்தது. நான் மேலே சாக்குக் கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா ஒன்று வைத்தார், இரண்டு வைத்தார், மூன்று வைத்தார். நிறுத்தவில்லை. நான்கு. ஐந்து. அப்புறம்தான் இறங்கிப் போய் நின்றார். தீச்சட்டியைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளை தலை நிமிர்ந்து எங்கள் கடையை ஒரு தரம் பார்த்தார்.

பதினாறு கழிந்த மறுநாள் பிள்ளை எங்கள் கடை வாசலில் வந்து நின்றார்.

"அஞ்சு பலக எதுக்கு ஓய்?"

வாப்பா கயிறு சுற்றிக்கொண்டே, "மூணு ஊருக்கு. ரெண்டு ஒமக்கு" என்றார்.

பிள்ளை கூரையை அண்ணாந்து பார்த்தார். "அந்தக் கூரத் தண்ணிக்கு ஒரு தகரம் அடிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

இதை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிழவர்களின் கூத்து என்று நினைத்தேன்.

4

பியதாச ஆஸ்பத்திரிக்குப் போன அந்த வாரம் கொழும்பே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. சிங்களம் மட்டும்தான் ஆட்சிமொழி என்ற சட்டத்தால் மொழித் தகராறு. எங்கேயோ கல் விழுந்தது என்பார்கள், யாரையோ அடித்தார்கள் என்பார்கள். அந்த மாதிரி நாட்களில் எங்கள் தெருவில் ஒரு விதி உண்டு, வந்த முதல் மாதமே மாமா சொல்லிக்கொடுத்தது: ஒரு கேட் இழுபட்டால் நாற்பதும் இழுபட வேண்டும். ஏன் எதற்கென்று கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது.

சோமாவதி இறந்துபோன செய்தி புதன்கிழமை வந்துவிட்டது. மறுநாள் மாலை பெரிய வீதி வழியாகக் கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுப் போவதாக மாமா சொல்லியிருந்தார். ஆனால் பியதாச வேறு நினைத்திருக்கிறார். அவள் தினமும் சோற்றுச்சட்டியோடு நடந்த தெரு வழியாகக் காலையிலேயே ஒரு தடவை அவளைத் தூக்கிப் போக வேண்டும் என்று. அது எங்களில் யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. மாமா பாங்கிக்குப் போயிருந்தார். கடையில் நானும் சேலை பார்க்க வந்த இரண்டு பெண்களும். தெருமுனையில் வெள்ளையாகத் தெரிந்தது. ஐம்பது அறுபது பேர், எல்லோரும் வெள்ளை உடுத்து, சத்தமில்லாமல். முன்னால் இரண்டு பேர் தரையில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டே வந்தார்கள். பெட்டியின் முன் தண்டில் பியதாசவின் தோள்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய்விட்டது. பலகை இருக்க வேண்டிய இடத்தில் கேட் இருந்தது. பிடித்து இழுத்தேன். கொஞ்சம், ஒரு கால்வாசி. பலகை என்றால் வைத்த இடத்தில் நிற்கும். இது நிற்கவில்லை. என் கையை விட்டு ஓடியது. ஓடிப்போய் எதிர்த்தூணில் 'டமார்' என்று மோதி, தானே பூட்டிக்கொண்டது.

அந்தச் சத்தம் போதும். பக்கத்துக் கடை 'கடகட'வென்று இழுபட்டது. எதிர்க்கடை. அதற்கடுத்தது. தெருவின் இரண்டு பக்கமும் இரும்பு ஓடுகிற சத்தம், கூடவே ஆட்கள் "அடை, அடை" என்று கத்துகிற சத்தம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, நாற்பது கடையும் அடைத்தாயிற்று. நடைபாதையில் பழம் விற்றவர்கள் கூடையை விட்டுவிட்டு ஓடினார்கள். தெருவின் நடுவில் வெள்ளைத் துணியின் மேல் அந்த ஊர்வலம் மட்டும்.

தூக்கி வந்தவர்கள் நின்றார்கள். பியதாச இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். அவர் எண்ணெய் விட்ட கேட்டுகள். கடைசியில் எங்கள் கேட்டைப் பார்த்தார். கம்பிக்கு இந்தப் பக்கம் நான்.

தாக்கோல் மாமாவின் இடுப்பில். கேட்டைப் பிடித்து உலுக்கினேன். சவத்துக்கு முன்னால் கத்த முடியுமா? தலையை மட்டும் இல்லை, இல்லை என்று ஆட்டினேன். அது அவருக்கு என்னவாகத் தெரிந்ததோ. தோளை மாற்றிக்கொண்டு நடந்தார்.

மாமா திரும்பி வந்து பூட்டைத் திறந்தபோது தெருவில் நசுங்கின பழமும் போலீஸ் ஜீப்பும் இருந்தன.

"ஏலே, படிச்ச மூதி, என்னத்தலே காட்டி வச்சிருக்க?"

"மூணு பலக வச்சேன் மாமா."

மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது. கோட்டாற்றுக்காரர் அல்லவா. வாயில் வந்த அடுத்த வசவை முழுங்கிக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்தார். "அந்தப் பொம்பளைக்கா" என்றார்.

5

"முதலில் அடைத்தது யார்?" என்று போலீஸ் கேட்டது. நாற்பது கடையும் ஒரே திசையில் விரலை நீட்டியது. இவ்வளவு ஒற்றுமையை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், பொறுமைசாலி. இங்கிலீஷில் வாக்குமூலம் எழுதினார். ஊர்? கோட்டாறு. ராஜ்யம்? திருவிதாங்கூர்-கொச்சி. அப்படியென்றால் மதராஸா? இன்னும் இல்லை ஸார், கொஞ்ச நாளில் ஆகுமாம், ஊரிலிருந்து எழுதுகிறார்கள். அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "நீ வந்த இடத்தைப் பற்றியாவது ஒரு முடிவுக்கு வா" என்றார். அப்புறம் காரணம். மூன்று பலகை மரியாதை என்பதை இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். "பலகை எங்கே இருக்கிறது?" "ஊரில் ஸார்." "மொத்தம் எத்தனை?" அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்து விரல் மடக்கி எண்ணினேன்.

நான் பொய் சொல்லவில்லை என்று அவருக்குப் பட்டது. ஆனால் கலவர பயத்தைக் கிளப்பியதாக ஒரு காகிதம் என் பெயரில் தயாராகிவிட்டது. என் தற்காலிக வாசப் பெர்மிட் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியது. இந்தக் காகிதம் அந்த ஆபீசுக்குப் போனால் நான் தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டியதுதான். அவரே ஒரு வழி சொன்னார்: "சாவு வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கட்டும், இது தங்களை அவமதிக்கச் செய்ததல்ல என்று. பைலை மூடிவிடுகிறேன்."

சாவு வீட்டுக்காரர் என்றால் பியதாச.

பியதாச வரவில்லை. மாடிப்படிப் பொந்து அடைத்தே கிடந்தது. மூன்றாம் நாள் ஒரு பையன் வந்து கருவிப் பையை எடுத்துக்கொண்டு போனான். மாமா என்ன சொல்லியும் நிற்கவில்லை. அன்றைக்கு நான் கடிதங்களைத் தப்பும் தவறுமாக அடித்தது பெர்மிட்டுக்காக என்று எழுதினால் கௌரவமாக இருக்கும், சீக்கிரம் மறக்கவும் முடியும். பெர்மிட்டுக்காக இல்லை. தன் மனைவியின் முகத்துக்கு நேரே நாங்கள் கதவை அடைத்தோம் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருக்கிறார். சாகும் வரை அப்படித்தான் நினைக்கப்போகிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

6

ஏழாம் நாள் அவர்கள் வீட்டில் பிக்குகளுக்குத் தானம் என்று கேள்விப்பட்டோம். "வெறுங்கையா போவப்பிடாது மக்கா" என்று மாமி சீனியும் தேயிலையும் கட்டிக் கொடுத்தார். மாமா ஒரு வெள்ளைத் துணிக் கட்டைத் தூக்கி என் கையில் வைத்தார். கூடவே, "கடுதாசிய அடிச்சு எடுத்துக்கோ. ஒப்பு வாங்காம வராத" என்றார். இங்கிலீஷில் நானே அழகாக அடித்து, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

துணைக்கு மாமா மகள் மைமூனை அழைத்துப்போனேன். பத்து வயசு. கொழும்பில் பிறந்தவள், சிங்களத்தில் சண்டை போடுவாள், இங்கிலீஷில் பாட்டுப் பாடுவாள், தமிழில் சோறு கேட்பாள். "இவ கோட்டாத்துக்கு வந்தா ஊமச்சி மாதிரி நிக்கப்போறா" என்பது மாமியின் தீராத கவலை. எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பியதாசதான் தமிழ் பேசுவாரே. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

வாசலில் வெள்ளைக் கொடி. பியதாச பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. சாமான்களை வாங்கி வைத்தார்கள். "பியதாச ஐயா" என்று ஆரம்பித்தேன். அவர் சிங்களத்தில் பதில் சொன்னார். மறுபடியும் தமிழில் பேசினேன். மறுபடியும் சிங்களம். முப்பது வருஷத் தமிழில் ஒரு சொல்கூட எனக்குத் தருவதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

"வந்ததுக்கு நன்றி சொல்றார், மச்சான்" என்றாள் மைமூன்.

அப்புறம் அவர் கொஞ்சம் நீளமாக ஏதோ சொன்னார். மைமூன் தரையைப் பார்த்தாள்.

"என்ன சொன்னார்?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லு பிள்ளே."

"'எங்க சோமாவைத் தூக்கிட்டு வந்தவங்களக் களவெடுக்க வந்தவங்கன்னு நெனச்சீங்களா?' அப்டீன்னு கேக்குறார்."

நான் பலகையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். மைமூன் குறுக்கே கையை நீட்டினாள். "மச்சான், பலகைன்னா எழுதுற பலகையா?" பலகைக் கடையை அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்ததில்லை. அவளுக்கு விளங்கினால்தானே அவருக்குப் போகும். எதையாவது வைத்துக் காட்ட வேண்டும். சுற்றிலும் ஒன்றும் இல்லை. சட்டைப் பையில் கைவிட்டேன், அந்தக் கடிதம்தான் இருந்தது. வேறு காகிதம் இல்லை. வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். கைக்குக் கிடைத்தது அது. பதினோரு துண்டாகக் கிழித்தேன்.

பெஞ்சில் வரிசையாக அடுக்கினேன். "இது எங்க வாப்பா கட, அடச்சிருக்கு." துண்டுகளை எடுத்தேன். "இது தொறந்திருக்கு." பிறகு மூன்றை மட்டும் இடது ஓரத்தில் வைத்தேன். "தெருவுல ஒரு சவம் வந்தா இப்பிடி வைப்போம். கீழ எறங்கி நிப்போம். யாரா இருந்தாலும்." மைமூன் சொல்லிக்கொண்டே வந்தாள். சில இடத்தில் நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னாள். ஆறுமுகம் பிள்ளையின் தாயார் கதையையும் சொன்னேன். மூன்றின் பக்கத்தில் இரண்டை வைத்து, மூன்று ஊருக்கு, இரண்டு உமக்கு என்று வாப்பா சொன்னதையும்.

பியதாச துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சிங்களத்தில் ஒரு கேள்வி.

"அப்போ ஏன் முழுசா அடைச்சேன்னு கேக்குறார்."

"அடைக்கல. கொஞ்சந்தான் இழுத்தேன். அது நிக்கல. ஓடிப்போச்சு."

மைமூன் சொன்னாள். உள்ளே யாரோ பாத்திரம் கழுவினார்கள். பியதாச மெல்லத் தலையைத் தாழ்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெஞ்சின் விளிம்பை நெடுக்காகப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"அந்தத் தண்டவாளம் சாய்வு" என்றார், தமிழில். "கொத்தனார் தண்ணி ஓடச் சாய்ச்சுப் போட்டது. முதலாளிகிட்ட எத்தனை தரம் சொன்னேன். அது மேலே நான் எண்ணெயும் போட்டேன், கேட்டியா."

மைமூன் என்னைப் பார்த்தாள், இதையும் மொழிபெயர்க்க வேண்டுமா என்று.

அவர் துண்டுகளைக் கையில் எடுத்தார். "சோமாவுக்கு எத்தனை இழுத்த?"

கணக்குப் பார்த்து யார் இழுத்தார்கள். ஆனாலும் சொன்னது பொய்யில்லை. "அஞ்சு" என்றேன்.

பியதாச கண்ணைத் துடைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார். உள்ளே பார்த்து டீ கொண்டுவரச் சொன்னார். மைமூனுக்கு இரண்டு பலகாரம் வந்தது.

7

"ஒப்பு வாங்கினியாலே?" என்றார் மாமா.

"கிழிச்சுட்டேன் மாமா."

"கிழிச்சியா?"

"பலக செஞ்சேன்."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "பி.ஏ. படிச்சவன் செய்யுத வேலையாலே இது? பெர்மிட் ஆபீசுல போயி பேப்பர் பலகையக் காட்டப் போறியா?" மாமி சமையலறையிலிருந்து, "கொல்லாம் மக்கா, நீ செஞ்சது கொல்லாம்" என்றார். நம்மூரில் நன்றாக இருக்கிறது என்பதற்கு அப்படித்தானே. மைமூனுக்கு அது புரியவில்லை. "ஏன் மச்சானைக் கொல்லணும்?" என்று கேட்டாள். வீட்டில் ஒரு வாரம் கழித்துச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இன்னொரு கடிதம் அடிக்க எனக்கு அரை நிமிஷம் போதும். அடிக்கவில்லை. அவரிடம் கேட்க வாய் வரவில்லை. பெர்மிட் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தால் முதல் வேலையாகப் போய் வாப்பா கடைப் பலகையை ஒன்றிலிருந்து எண்ணுவேன், அதுவும் கொல்லாம்தான்.

இன்று காலை எட்டரைக்குக் கேட்டைத் திறக்கும்போது பியதாச வாசலில் நின்றார், கருவிப் பையோடு. மாமாவுக்கு ஒரு சலாம், எனக்கு ஒன்றுமில்லை. தரையில் குந்தி, "உங்க ஊர்ப் பலகை எவ்வளவு அகலம்?" என்று கேட்டார். ஒரு சாண் என்றேன். "உன் சாணா, வாப்பா சாணா?" வாப்பா சாண், ஆனால் என் கையும் அதே அளவுதான் என்றேன். என் கையைப் பிடித்துத் தண்டவாளத்தின் மேல் வைத்து, நான் சாண் சாணாக அளக்க அளக்கச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

இதை அடிக்கிற இந்த நேரத்தில் என் காலடியில் அவருடைய டிரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்டை நிறுத்த முளை செருகுகிற துளை. முதல் துளை மூன்றாவது சாணில் போட்டாயிற்று. இப்போது ஐந்தாவது சாணில் போட்டுக்கொண்டிருக்கிறார்.